பதினான்கு தேயிலைப் பொட்டலங்கள்

போன மாதம் நான் வேலைபார்த்த தேயிலைத் தரகுக் கொம்பனியிலிருந்து இரண்டு இளம்பெண்கள் வெள்ளவத்தையிலுள்ள எனது தொடர்மாடி வீட்டுக்கு வந்திருந்தார்கள். தேநீரைச் சுவைத்து மதிப்பிடும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள். என் காலத்தில் அந்த மேசையருகே பெண்கள் நின்றதில்லை. கொம்பனி மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்க வந்தவர்கள், வீட்டிலிருக்கும் தேயிலைச் சேகரிப்பையும் பார்க்க ஆசைப்பட்டார்கள்.

சுவர் அலுமாரியில் நூற்றைம்பதுக்கு மேல் தகர டின்கள் வைத்திருக்கிறேன். தோட்டம், தரம், பறித்த மாதம் எல்லாம் ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். பழையவை இலையின் தோற்றத்தைப் பார்க்க மட்டும்தான். இரண்டு வருடம் தாண்டினால் வைக்கோல் வாசம்தான் மிஞ்சும். புதியவற்றில் ஆறைத் திறந்து தேநீர் ஊற்றினேன். ஊவாவில் காற்றடிக்கும் மாதத்தில் பறித்த தேயிலையையும், அதே தோட்டத்தின் மழைக்காலத் தேயிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இருவரும் உறிஞ்சினார்கள், துப்பினார்கள், வாதாடினார்கள். நேரம் நன்றாகவே போனது.

புறப்படும்போது மூத்தவள் அலுமாரிக் கதவைச் சாத்திக்கொண்டே கேட்டாள்: "அங்கிள், நீங்கள் வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு வருஷத்துக்குப் பிறகுதானே முதல் டின்னில திகதி தொடங்குது? அதுக்கு முன்னம் ஒண்டும் சேர்க்கேல்லையா?"

"சேர்த்தனான். எல்லாம் பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு," என்றேன்.

அது பொய். மலருக்கு வேறொரு கட்டுரை எழுதத் தொடங்கி, மூன்று நாள் கிழித்துப் போட்டுவிட்டு, இதை எழுதுகிறேன். போடுவதும் விடுவதும் அவர்கள் விருப்பம்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. உயர்தரப் பரீட்சையில் கணக்கு கைவிட்டது. மாமா ஒருவர் கொம்பனித்தெருவிலிருந்த தரகுக் கந்தோரில் சொல்லி வைத்தார். முதல் ஐந்து வருடமும் கோப்பை கோப்பையாக உறிஞ்சித் துப்பியதுதான் படிப்பு. ஒரு நாளைக்கு முந்நூறு கோப்பை சாதாரணம். சிகரெட் இல்லை, வாசனைச் சவர்க்காரம் இல்லை, காலையில் வெங்காயச் சம்பல் இல்லை. வீட்டில் மனைவி அம்மியில் மிளகாய் அரைத்தால் நான் பல்கனிக்குப் போய்விடுவேன்.

எங்கள் தலைமைச் சுவைஞர் திரு. வீரக்கோன். ஒல்லியான மனிதர். வெள்ளை ஏப்ரனின் முடிச்சை ஒருநாளும் பின்னால் போடமாட்டார், முன்னால்தான். சரியாக ஏழரைக்கு அறைக்குள் வருவார். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல்கள், அவற்றின் கீழே நீண்ட மேசை. ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று சாமான்கள் வரிசையாக இருக்கும்: பின்னால் காய்ந்த தூள், நடுவில் கவிழ்த்த மூடியின்மேல் வெந்த இலை, முன்னால் கிண்ணத்தில் வடித்த தேநீர்ச் சாயம். அவர் முதலில் வெந்த இலையைத்தான் பார்ப்பார், அதன் நிறம் புதுச் செப்புக் காசு மாதிரி இருக்கிறதா என்று. பிறகு மூக்கு. கடைசியில் கரண்டி. உறிஞ்சும் சத்தம் துணி கிழிவதைப் போலிருக்கும். துப்பியதும் இரண்டே சொல் சொல்வார், குறிப்பெடுப்பவர் எழுதுவார், அடுத்த கிண்ணம். யாரையும் பாராட்டியதில்லை. ஏதாவது கிண்ணத்தில் சந்தேகம் வந்தால் நின்று, முகத்தைத் திருப்பாமலே "ம்?" என்பார். அந்த "ம்?" யாரை நோக்கி வருகிறதோ அவனுக்கு அன்றைக்கு அதுதான் சம்பளம். எனக்குப் பத்து வருடம் கழித்துத்தான் அது வந்தது. அதன்பிறகு என்னிடமே அதிகம் வந்தது. எப்படி வந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் அறையில் தேநீர் ஊற்றியவர் பெருமாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, வாலிப வயதில் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் மனைவி தெய்வானையோடு ஓர் அறையில் குடியிருந்தார். கைத்தராசில் பழைய நாணயமொன்றைப் படியாகப் போட்டு, அதன் எடைக்குத் தூளை நிறுத்து, மூடியுள்ள கோப்பையில் இட்டு, அப்போதுதான் கொதித்த தண்ணீரை ஊற்றுவார். ஒருமுறை கொதித்து ஆறிய தண்ணீரைத் திரும்பக் கொதிக்கவைக்க அவர் யாரையும் விட்டதில்லை. ஆறு நிமிடம். சுவரில் கடிகாரம் இருந்தது, அவர் அதைப் பார்ப்பதேயில்லை. ஐம்பது கோப்பைகளையும் ஊற்றிய ஒழுங்கிலேயே ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் கவிழ்த்துக்கொண்டு போவார்.

நான் அந்தக் காலத்திலேயே வீட்டில் தேயிலை சேர்க்கத் தொடங்கியிருந்தேன். கந்தோர் மாதிரிகளில் ஒரு பிடி மிச்சம் பிடித்துச் சட்டைப்பையில் கொண்டுபோவேன். ஏலத்துக்கு முன் எந்த மாதிரியும் கந்தோரைவிட்டு வெளியே போகக்கூடாதென்பது கண்டிப்பான விதி. பிடிபட்டால் வேலை போகும். ஆனாலும் கந்தோர் வேகத்தில் ஒரு கிண்ணத்துக்குக் கிடைப்பது சில விநாடிகள்தான். வீட்டில் ஆற அமர வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால்தான் நாக்கில் பதியும் என்று நினைத்தேன். ஊற்றுவதற்கு ஒரு கை வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வர முடியுமா என்று பெருமாளைக் கேட்டேன்.

"வாறேங்க ஐயா. ஞாயித்துக்கெழம சும்மாதான இருக்கேன்," என்றார்.

இரண்டாவது ஞாயிறோ மூன்றாவதோ, எட்டுக் கோப்பைகளைப் பேர் தெரியாமல் மாற்றி வைத்துவிட்டுச் சும்மா ஒரு விளையாட்டுக்கு அவரையும் சுவைக்கச் சொன்னேன். மூன்றாவது கிண்ணத்தில் நின்றார்.

"ஐயா, இது வாட்டம் பத்தலங்க. ராத்திரி மழ பெஞ்சிருக்கு. விடிஞ்சதும் அவசரத்துல உருட்டிப்புட்டாங்க."

ஏழாவதிடம் வந்து, மூன்றாவதைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "இதுவும் அதுவும் ஒரே தோட்டந்தாங்க. இது மேல்மலை, அது ஆத்தோரம்."

டின்களைத் திருப்பிப் பார்த்தேன். ஒரே தோட்டம்தான். மேல்மலையா ஆற்றோரமா என்பது என் குறிப்பிலேயே இருக்கவில்லை. தோட்டத்துக்குக் கடிதம் போட்டு விசாரித்தேன். சரி என்று பதில் வந்தது. பெருமாளின் தகப்பன் தேயிலை ஆலையில் பச்சை இலையைப் பரப்பி வாட்டும் மாடியில் வேலை செய்தவர். சோறு கொண்டுபோய்க் கொடுத்துக் கொடுத்தே அந்த வாசமெல்லாம் பெருமாளின் மூக்கில் ஏறியிருந்தது.

அன்றிலிருந்து ஞாயிறுகளில் அவர் சொல்வதை நான் ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். அதே தோட்டங்களின் அடுத்த மாதிரி மேசைக்கு வந்து, திரு. வீரக்கோன் "ம்?" என்று நிற்கும்போது அதை என் வாயால் சொன்னேன். கெண்டியோடு பெருமாள் ஐந்தடி தள்ளி நிற்பார். அவருக்கு ஆங்கிலம் விளங்காது என்று நம்பியிருந்தேன். எனக்குப் பதவி உயர்வு வந்தது. அவருக்குத் தீபாவளிக்கு ஒரு வேட்டி வாங்கிக் கொடுத்தேன்.

இப்படி ஏழெட்டு வருடம் போயிற்று. வெளியே யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நகரத்தில் ஒரு குண்டு வெடித்தால் அடுத்த சில வாரங்களுக்கு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடு வீடாகச் சோதனை நடக்கும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்த படிவத்தைக் கதவுக்குப் பின்னாலேயே தொங்கவிட்டிருந்தோம்.

ஒரு வருடம் மழை பிந்தியது. எங்கள் தொடர்மாடியில் குழாய்த் தண்ணீரோடு கிணற்றுத் தண்ணீரையும் கலந்து தொட்டியில் ஏற்றினார்கள். கடல் கிட்ட என்பதால் அந்தக் கிணற்றில் உப்பு. ஞாயிற்றுக்கிழமைக் கிண்ணங்களெல்லாம் ஒரே மாதிரி மங்கிப் போய்த் தெரிந்தன.

"தண்ணி சரியில்லங்க ஐயா. கொட்டாஞ்சேனப் பைப்புத் தண்ணி நல்லாருக்கும்," என்றார் பெருமாள்.

"அப்ப நீங்கள் கொண்டுபோய் ஊத்திப் பாருங்கோ. வாற ஞாயிறு சொல்லுங்கோ," என்றேன்.

பதினான்கு பொட்டலங்கள் கட்டிக் கொடுத்தேன். தோட்டத்தின் பெயரைப் போட்டால் கந்தோர் விதி நினைவுக்கு வந்தது. அதனால் ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கில எழுத்தும் இலக்கமும் மட்டும் எழுதினேன்.

அன்று பின்னேரம் காலி வீதியிலிருந்த சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். பெருமாளின் அடையாள அட்டையில் தோட்டத்து விலாசம்தான் இருந்தது, கொழும்பு விலாசம் இல்லை. பையில் கறுப்புத் தூள் கட்டிய பொட்டலங்கள், சங்கேதம் போல எழுத்தும் இலக்கமும். இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு அது தெரியாது. திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. ஊற்றியவருக்குக் கை பழக்கமில்லை, திரு. வீரக்கோன் முதல் வரிசை முழுவதையும் கொட்டிவிட்டுத் திரும்ப ஊற்றச் சொன்னார். செவ்வாய் காலை சிவில் உடையில் இரண்டு பேர் வந்தார்கள். சிறிது நேரத்தில் என்னைக் கூப்பிட்டார் திரு. வீரக்கோன். மேசையின் வெள்ளைப் பளிங்கின்மேல் ஒரு பொட்டலம் இருந்தது. டி-7. ஏழின் நடுவே குறுக்குக்கோடு போடுவது என் பழக்கம். கந்தோர்ப் பதிவேட்டில் என்னுடைய ஏழுகளை அவர் பல வருடமாகப் பார்த்து வந்தவர்.

"பாலன், இது உங்களுக்குத் தெரியுமா?" என்று வழக்கம்போல ஆங்கிலத்தில் கேட்டார்.

"தெரியாது சேர்."

வந்தவர்களில் ஒருவர் சிங்களத்தில் கேட்டார், பெருமாள் என் வீட்டுக்கு வருகிறவரா என்று. நானும் சிங்களத்திலேயே, ஒரு பிழையும் விடாமல், "கந்தோரில் தெரியும். அவ்வளவுதான்," என்று சொன்னேன். என் சிங்களம் சுத்தமானது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை.

பெருமாள் என் பெயரைச் சொல்லவில்லை என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது, சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். "கந்தோர்ச் சாம்பிள்" என்று மட்டுமே சொல்லியிருந்தார். ஞாயிறு பின்னேரத்திலிருந்து அவர் காப்பாற்றி வைத்திருந்ததை நான் அரை நிமிடத்தில் பயன்படுத்திக்கொண்டேன்.

பயத்துக்குக் காரணங்கள் இருந்தன. மாதிரிகளை வெளியே கொண்டுபோன குற்றம் ஒன்று. தமிழன், வெள்ளவத்தைக்காரன், அந்தப் பொட்டலம் என்னுடையது என்றால் அடுத்தது நான்தான் என்பது மற்றது. இந்த இரண்டையும் நான் எனக்குள் எத்தனையோ தடவை சொல்லி ஆறுதல் அடைந்திருக்கிறேன். மூன்றாவதை வெகுகாலம் எனக்கே சொல்லவில்லை. அந்தப் பொட்டலங்கள் எதற்கென்று விளக்கப்போனால், ஞாயிற்றுக்கிழமைகளில் யாருடைய நாக்கு வேலை செய்தது என்பதும் அந்த மேசையில் தெரிந்துவிடும்.

புதன்கிழமை மாலை தெய்வானை என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் ஒருமுறைதான் அவரைக் கண்டிருக்கிறேன். கதிரையில் உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார்.

"ஐயா, அவர மூணு நாளா வச்சிருக்காங்க. போயிப் பாத்தப்ப, தண்ணி பாக்க நீங்க குடுத்து விட்டதுன்னு எங்கிட்ட மட்டும் சொன்னாரு. ஒரு லாயரய்யாவப் பாத்தோம். அந்தப் பொட்டலம் நீங்க குடுத்ததுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா மேல அனுப்பாம விட்டுருவாங்கன்னாரு. ஒரு வரி போதுங்க."

"இப்ப கந்தோரில பெரிய பிரச்சினை அம்மா. ரெண்டு நாள் பொறுங்கோ. நான் பெரியவரோட கதைக்கிறன்."

"ரெண்டு நாளு கழிச்சு எங்க கொண்டு போவாங்கன்னு தெரியாதுங்களே."

"கதைக்கிறன் எண்டு சொல்லுறனே."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அலுமாரிப் பக்கம் பார்த்தார். கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். மனைவி குசினி வாசலில் நின்றிருந்தாள்.

"நீங்கள்தானே குடுத்தனீங்கள்?"

"சத்தம் போடாதை."

நான் யாரோடும் கதைக்கவில்லை. அடுத்த நாள் விடியற்காலையில் அலுமாரியிலிருந்த அத்தனை டின்களையும் மரக்கறிப் பைகளில் கொட்டினேன். பதினெட்டு வருடத்துத் தேயிலை. ஒட்டியிருந்த தாள்களைச் சுரண்டி அடுப்பில் போட்டேன். பைகளைத் தூக்கிக்கொண்டு ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போனேன். பாறைகளுக்கிடையில் நின்று கவிழ்த்தேன். அலை வந்து போகும்போது நுரை பழுப்பாக இருந்தது. காலை நடைக்கு வந்த ஒருவர் நின்று பார்த்து, "என்ன ஐயா, பழுதாப் போச்சா?" என்றார். "ஓம்," என்றேன்.

பெருமாளை அவசரகாலச் சட்டத்தின் கீழ் தடுப்புக்கு அனுப்பினார்கள். நான்கு மாதம் கழித்து வழக்கு எதுவுமில்லாமல் விட்டார்கள். அந்த நான்கு மாதத்துக்குள் மேசையில் ஒரு மாற்றம் நடந்தது. திரு. வீரக்கோன் சந்தேகமான கிண்ணத்தில் நின்றால் "ம்?" என்று என் பக்கம் திரும்புவதை நிறுத்திக்கொண்டார். வேறு யாரையாவது கேட்பார், அல்லது தானே இன்னொரு தடவை உறிஞ்சிப் பார்ப்பார். ஏசவில்லை, முறைக்கவில்லை. என் வருடாந்த அறிக்கையில் நல்லதாகவே எழுதினார். தான் ஓய்வுபெறும்வரை என்னை ஒன்றும் கேட்கவில்லை.

பெருமாள் வெளியே வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல தேயிலையாக இரண்டு வகை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். பழைய கட்டடமொன்றின் மூன்றாம் மாடி. பெருமாள் கட்டிலில் இருந்தார், இளைத்திருந்தார். இடது காதுக்கு மேலே தலையில் மயிர் முளைக்காத ஒரு வடு. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க ஐயா, வாங்க. தெய்வான, ஐயா வந்திருக்காரு. தண்ணி வையி."

இரண்டு வகையையும் அவரே ஊற்றினார். கைத்தராசு இல்லாமலே தூளின் அளவு சரியாக இருந்தது. முதலாவதை உறிஞ்சினார். இரண்டாவதை உறிஞ்சினார். திரும்ப முதலாவதுக்குப் போனார். நான் காத்திருந்தேன்.

"ரெண்டும் சூடா இருக்குங்க ஐயா," என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரிக்கப் போனேன். அவர் சிரிக்கவில்லை.

"தலையில அடி பட்டதுலருந்து மணமே தெரியலங்க. ஆஸ்பத்திரியில காட்டினோம். திரும்பினாலும் திரும்புமாம், இல்லாட்டி இல்லையாம். கந்தோர் பெரிய ஐயா வேலைக்கு வரச்சொல்லிச் சொல்லியனுப்பினாரு. அந்த மேசகிட்ட வந்து நிக்க முடியாதுங்க. இங்கனக்குள்ளயே ஒரு இரும்புக்கடயில ஆணி நிறுத்துக் குடுக்கிற வேல இருக்கு."

கிண்ணங்கள் இரண்டையும் ஓரமாக ஒதுக்கி வைத்தார். அவரே தொடர்ந்தார்.

"ஐயா குடுத்த கடுதாசியாலதான் உசுரோட வந்தேன். கந்தோர்லருந்து கடுதாசி வந்திருக்குன்னு உள்ளயே சொன்னாங்க. அதுக்கப்புறம் அடிக்கலங்க. ஐயாவுக்கு எப்புடி நன்றி சொல்றதுன்னு தெரியல."

நான் எந்தக் கடிதமும் கொடுக்கவில்லை. தெய்வானை அடுப்பருகே நின்றார். என் வீட்டுக்கு வந்து கேட்டு வெறுங்கையோடு திரும்பியவர் அவர். கேத்தலை இறக்கி வைத்தார். இல்லை பெருமாள், அது நானில்லை என்று சொல்ல எனக்கு அந்த ஒரு கணம் கிடைத்தது.

"அதுக்கென்ன," என்று சொன்னேன். "அதுக்கென்ன, விடுங்கோ."

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

கடிதம் கொடுத்தது யாரென்று மூன்று வருடம் கழித்து, திரு. வீரக்கோன் ஓய்வுபெற்று அவருடைய மேசைச் சாவி என் கைக்கு வந்தபோது தெரிந்தது. கோப்பில் பிரதி இருந்தது. பொட்டலங்கள் தன் அனுமதியோடுதான் வெளியே போயின, தண்ணீர் வித்தியாசத்தைப் பார்ப்பதற்காகவே போயின, அவற்றுக்குத் தானே பொறுப்பு என்று எழுதி ஒப்பமிட்டிருந்தார். தெய்வானை என் வீட்டுக்கு வந்த புதனுக்கு மறுநாள் திகதி. அது போய்ச் சேருமுன்பே பெருமாளை மேலே அனுப்பிவிட்டிருக்க வேண்டும். தண்ணீர் விஷயம் அவருக்கு எப்படித் தெரியும்? தெய்வானை என்னிடமிருந்து போய், அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். நான் கடலில் தேயிலை கொட்டிக்கொண்டிருந்த அதே நாள், தன் முப்பது வருட உத்தியோகத்தைப் பணயம் வைத்து அந்தச் சிங்கள மனிதர் எனக்காகவும் சேர்த்தே ஒரு பொய் எழுதியிருந்தார். யாருடைய ஏழு என்று கேட்கவேயில்லை. கோப்பை மூடி இருந்த இடத்தில் வைத்தேன். அவர் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அதில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன்.

பெருமாள் ஆறு வருடத்துக்கு முன் இறந்தார். செத்த வீட்டுக்கு நான் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண்கள் வந்துபோன வாரம்தான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். தெய்வானை அதே மூன்றாம் மாடியில் இருக்கிறார், மகள் குடும்பத்தோடு. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். நான் உட்காரவில்லை. அவர் என் வீட்டில் நின்றதைப் போல நின்றுகொண்டே சொன்னேன்.

"அந்தக் கடிதம் நான் குடுக்கேல்லை அம்மா. உங்களுக்குத் தெரியும். ஆனா பெருமாள் அது தெரியாமலே போயிட்டார். அவரிட்டைச் சொல்லாத குறையை உங்களிட்டையாவது..."

"அவருக்குத் தெரியுங்க ஐயா," என்றார் தெய்வானை.

"எப்ப தெரியும்?" என்றேன்.

"வெளிய வந்த அன்னைக்கே சொல்லிட்டேன். ஒங்க வீட்டுக்கு வந்தது, நீங்க பொறுக்கச் சொன்னது, பெரிய ஐயாகிட்ட போனது, எல்லாத்தையும். எனக்கு ஒங்க மேல அவ்வளவு ஆத்திரம். வாசப்படி ஏற விடமாட்டேன்னு சொன்னேன். நீங்க வந்து நின்னதும் அவரு அப்புடிச் சொன்னாரு. நீங்க போனதுக்கப்புறம் சண்ட புடிச்சேன், ஏன் பொய் சொன்னீங்கன்னு. 'கோவமா ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தாளு இந்தப் படி இனி ஏறமாட்டாரு. நல்லபடியா சொல்லி அனுப்பினாத்தான் திரும்பி வருவாரு'ன்னாரு."

"எதுக்கு?" என்று கேட்டேன்.

"மணம் திரும்புதான்னு பாக்கத்தான். வேற யாரு ஐயா அவருக்கு அந்த மாதிரி தேயிலையெல்லாம் கொண்டாந்து வரிசையா வச்சுக் குடுக்கப் போறா? ஒவ்வொரு வாரமும் பாத்தா ஒருவேள தெரியத் தொடங்கும்னு நெனச்சாரு. அடுத்த ஞாயித்துக்கெழம கிண்ணமெல்லாம் கழுவிக் கவுத்து வச்சாரு. அதுக்கடுத்த வாரமும். பஸ்ஸு நிக்கிற சத்தம் கேட்டா எட்டிப் பாப்பாரு. அஞ்சாறு வாரம் அப்புடித் தண்ணி வச்சு எறக்கிட்டு இருந்தாரு ஐயா. அப்புறம் விட்டுட்டாரு."